சி++ தெரியாமல் கேம் செய்ய ஏலாதா?

கணினிக் கேள்வி – பதில்

கேள்வி: ஏ.எல்லில் ஐசிடி ஒரு பாடமாகப் படிக்கிறேன். மட்டக்களப்புக் கோட்டை, கல்லடிப் பாலம், வாவி எல்லாம் வருகிற மாதிரி ஒரு பெரிய 3டி கேம் செய்ய ஆசை. கூட்டாளிமார் “சி++ தெரியாமல் தொடவே ஏலாது, போட்டோஷொப்பும் வேணும்” என்று பயம் காட்டுகிறார்கள். எனக்குப் பைதன் கொஞ்சம் தெரியும். அண்ணா பாவித்த 4 ஜிபி றாம் லப்டொப்தான் இருக்கு. எதில் தொடங்கலாம்?
– மாணவன், கொக்கட்டிச்சோலை

பதில்: உங்கள் கூட்டாளிமார் முழுப் பொய் சொல்லவில்லை தம்பி. கேம் செய்ய உதவும் அடிப்படை மென்பொருளை என்ஜின் என்பார்கள். அதில் ஒன்றான அன்ரியல் என்ஜினில் ஆழமாக வேலை செய்ய சி++ வேணும். பெரிய என்ஜின்கள் எழுதப்பட்டிருப்பதே பெரும்பாலும் அதில்தான். ஆனால் சோறாக்கிறவர் அரிசி ஆலை கட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லையே! நீங்கள் என்ஜின் செய்யப் போவதில்லை, கேம் செய்யப் போகிறீர்கள்.

ஆகவே மொழியைத் தெரிவு செய்வதற்கு முன்னம் லப்டொப்பைப் பாருங்கள். 4 ஜிபியில் அன்ரியலைத் திறந்தால் மெஷின் மூச்சுவிடாது. யூனிட்டி என்ற என்ஜின் சி# மொழியில் ஓடுவது, நல்ல சாமான், வேலை வாய்ப்பும் உண்டு. ஆனால் இறக்கவே பல ஜிபி டேட்டா போகும். அதோடு 2023 செப்டெம்பரில் அந்த நிறுவனம், கேம் இன்ஸ்டோல் ஆகிற கணக்குக்குக் காசு அறவிடப் போவதாக அறிவித்து உலகம் முழுக்க ஏச்சு வாங்கியது. அடுத்த வருசம் அதைக் கைவிட்டார்கள். இருந்தாலும் காசில்லாத மாணவனுக்கு அந்தப் பயம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

உங்களுக்கு நான் சொல்வது கொடோ என்ற என்ஜின். ஆர்ஜென்டினாக்காரர் இருவர் தொடங்கியது, 2014 இல் திறந்த மூலமாக வெளிவந்தது. எந்தக் காலத்திலும் கட்டணம் இல்லை. விண்டோஸுக்கு இறக்கும் கோப்பு 100 எம்பிக்குள் அடங்கும். அதன் மொழி ஜிடிஸ்கிரிப்ட். பைதன் தெரிந்தவருக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம்: அதே மாதிரி இடம் விட்டுத்தான் வரிகளை உள்ளே தள்ள வேணும், ஃபங்ஷன் எழுதத் தொடங்கும்போது ‘டெஃப்’ வருகிற இடத்தில் ‘ஃபங்க்’ வரும். ஏ.எல்லுக்குப் படித்த லூப்பும் லிஸ்ட்டும் வீண் போகாது. புதிய புரொஜெக்ட் திறக்கும்போது ‘கொம்பற்றிபிலிற்றி’ என்ற ரெண்டரரை (படத்தைத் திரையில் வரையும் பகுதி) தெரிவு செய்யுங்கள். பழைய கிராஃபிக்ஸ் உள்ள மெஷினுக்கு அதுதான் தோது. பைதனிலேயே கேம் செய்ய உதவும் பைகேமும் பழகலாம், ஆனால் அதில் செய்ததை போனில் ஏற்றுவது பெரிய தலையிடி.

தமிழ் எழுத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கொடோ 3 இல் ‘கெ’ என்று எழுதினால் ககரம் முன்னுக்கும் கொம்பு பின்னுக்கும் வந்து நிற்கும். 2023 இல் வந்த 4 ஆம் பதிப்பில் இது சரியாகிவிட்டது. யூடியூப்பில் பழைய பாடத்தைப் பார்த்து 3 ஐ இறக்கிவிடாதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைக் கேமுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். எல்லாப் போனிலும் தமிழ் எழுத்துரு இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இப்ப கோட்டைக்கும் பாலத்துக்கும் வருவம். அதை விடுங்கோ. கோபம் வரும், வரட்டும். கோட்டையின் ஒரு சுவரை, 3டி உருவம் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் ஒழுங்காகக் கட்டி முடிக்கவே ஏ.எல் சோதனை வந்துவிடும்.

அதற்குப் பதிலாக கொம்புமுறியைச் செய்யுங்கள். கண்ணகி அம்மனுக்காக எங்கட ஊர்களில் நடந்த விளையாட்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் ஒரு இரவு முழுக்கக் கதைப்பார்கள். வடசேரி ஒரு பக்கம், தென்சேரி மறுபக்கம். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றில் ஒன்று கொளுவி, கயிறு கட்டி இழுக்கிறது. எந்தப் பக்கக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோல்வி. ஒரே திரை, இரண்டு பேர், ஒரு போன். திரையின் இடப்பாதி ஒருவருக்கு, வலப்பாதி மற்றவருக்கு. கொடோவில் ஒவ்வொரு விரல் தொடுகைக்கும் தனி இலக்கம் வருவதால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டலாம்.

கோடில் பக்கத்துக்கு இரண்டே இரண்டு எண் போதும்: இழுவை, கொம்பின் உறுதி. தட்டத் தட்ட இழுவை ஏறும், விட்டால் மெல்ல இறங்கும். இழுவை ஒரு அளவைத் தாண்டினால் சொந்தக் கொம்பின் உறுதியே தேயத் தொடங்கட்டும். அப்பதான் கண்டபடி தட்டுகிறவன் தோற்பான், நிதானமாக இழுக்கிறவன் வெல்வான். இந்த இறக்கத்தையும் தேய்வையும் எழுதும்போது ‘டெல்டா’வால் பெருக்க மறக்க வேண்டாம். திரையில் மாறிமாறி வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். டெல்டா என்பது முந்தின ஃபிரேமுக்கும் இதற்கும் இடையில் போன நேரம். பெருக்காவிட்டால் விரைவான போனில் கொம்பு கெதியாக முறியும், பழைய போனில் விடிய விடிய இழுக்க வேண்டிவரும்.

படம்? முதல் மாதம் இரண்டு சதுரம், ஒரு கோடு. அவ்வளவுதான். 1984 இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸ் செய்த கணினியில் கிராஃபிக்ஸே கிடையாது. அடைப்புக்குறிகளைக் கட்டைகளாக விழவைத்தார். பிறகு அதை ஐபிஎம் கணினிக்கு மாற்றி நிறம் கொடுத்த வாடிம் கெராசிமோவுக்கு அப்ப 16 வயது. உங்களிலும் இளையவர்!

கேள்வி: நன்றாகப் படம் கீறுவேன், புரோகிராமிங் தெரியாது. கேமுக்கு கீறுவதற்கு எந்த மென்பொருள்? பேனை டப்லெட் வாங்க வேணுமா?
– வாசகி, கல்முனை

பதில்: டப்லெட்டை இப்ப வாங்க வேண்டாம் மகள். முதலில் எந்த வகைப் படம் என்று முடிவெடுங்கள். தூரிகையால் தீட்டின மாதிரி வேணுமென்றால் கிரிட்டா, அது இலவசம். ஓரம் சுத்தமான உருவங்கள், பெரிதாக்கினாலும் உடையாமல் வேணுமென்றால் இங்க்ஸ்கேப். கொப்பியில் பென்சிலால் கீறி, போனில் படமெடுத்து, இங்க்ஸ்கேப்பில் அதன் மேல் கோடு இழுக்கலாம். அதற்கு மவுஸ் போதும்.

பிக்ஸல் படம் என்றால் ஏஸ்பிரைட் சிறந்தது, ஆனால் காசு. பிரவுசரிலேயே ஓடும் பிஸ்கெல் இலவசம். 32க்கு 32 கட்டத்தில், எட்டு நிறத்துக்கு மேல் எடுக்காமல் ஒரு மீன் கீறுங்கள். கட்டுப்பாடு கூடக் கூட கை திருந்தும். பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். ஜேபெக் பின்னணியை ஊடு தெரிய விடாது. கொடோவில் போட்டதும் படம் மங்கலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், ‘ஃபில்டர்’ என்ற இடத்தில் ‘நியரெஸ்ட்’ என்று மாற்றினால் சரி.

மேலே உள்ள தம்பிக்குக் கொம்பும் கயிறும் கீற ஒரு ஆள் தேவை. இருவரும் ஆசிரியபீடத்துக்கு எழுதினால், பெற்றோர் சம்மதத்தோடு தொடர்புபடுத்திவிடுவார்கள்.

கேள்வி: மகன் கேம் செய்கிறேன் என்று இரவிரவாக முழிக்கிறான். இதில் உழைப்பு வருமா?
– தந்தை, மருதமுனை

பதில்: முதல் கேமில் வராது. ஐந்தாவதிலும் வராமல் போகலாம். செலவும் பெரிதில்லை: பிளே ஸ்டோரில் பதிய ஒரேயொரு முறை 25 டொலர். புதிதாகத் தனிநபர் கணக்குத் திறக்கிறவர், கேமை வெளியிட முன் குறைந்தது 12 பேரை 14 நாள் தொடர்ச்சியாகப் பரிசோதனையில் வைத்திருக்க வேணும். அந்தப் பன்னிரண்டில் ஒருவராக நீங்களும் சேர்ந்து விளையாடிப் பாருங்கள். இட்ச் என்ற தளத்தில் ஏற்ற அந்தக் காசும் தேவையில்லை. இரவு முழிப்பதற்கு மட்டும் பத்து மணி என்று ஒரு எல்லை போடுங்கள்.