அஸபிய்யா: கேள்வி பதில்

கே: அஸபிய்யா (கூட்டப் பற்று) என்றாலே குலவெறி, ஹராம் (விலக்கப்பட்டது) என்று பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) கேட்டிருக்கிறோம். வரலாற்று அறிஞர் இப்னு கல்தூனோ அது இல்லாமல் அரசே எழாது என்கிறாராம். எது சரி?

ப: இரண்டும் சரிதான். ஹதீஸை (நபிமொழியை) முழுதாகப் படித்தால் குழப்பம் தீரும். "ஒருவர் தம் கூட்டத்தாரை நேசிப்பது அஸபிய்யாவா?" என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. "இல்லை, அநியாயத்தில் தம் கூட்டத்தாருக்குத் துணை நிற்பதே அஸபிய்யா" என்பது பதிலின் கருத்து. இப்னு மாஜா என்ற ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. ஆக, விலக்கப்பட்டது பாசம் அல்ல, நம்மவன் என்பதற்காக நியாயத்தை வளைப்பது.

இப்னு கல்தூன் (1332–1406) இந்த ஹதீஸ்களை மறக்கவில்லை. முகத்திமா என்ற தம் நூலில் அவரே இதை எடுத்துப் பேசுகிறார். கோபத்தையும் மார்க்கம் கண்டிக்கிறது. அதற்காக மனிதனிடமிருந்து கோபத்தை வேரோடு பிடுங்கச் சொல்லவில்லை, பிடுங்கிவிட்டால் சத்தியத்துக்காகப் போராடவும் ஆளிருக்காது. அஸபிய்யாவும் அப்படித்தான் என்கிறார். கண்டனம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பற்றியது.

கே: பாகப்பிரிவினையில் வரும் 'அஸபா'வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ப: ஒரே வேர்ச்சொல். அஸபா என்றால் தந்தை வழி ஆண் உறவினர். ஒருவர் மனைவி, ஒரே மகள், உடன்பிறந்த ஒரு சகோதரர் ஆகியோரை விட்டு இறக்கிறார், கடனும் வஸிய்யத்தும் (உயில் கொடையும்) போக 12 லட்சம் மிஞ்சுகிறது என்று வையுங்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 1.5 லட்சம். மகளுக்குப் பாதி, 6 லட்சம். மீதி 4.5 லட்சம் அஸபா என்ற முறையில் சகோதரருக்கு. இது ஸுன்னி சட்டக் கணக்கு.

இந்த உறவுக்குச் சுமையும் உண்டு. கவனக்குறைவால் ஒருவர் இன்னொருவரைக் கொன்றுவிட்டால் தியத், அதாவது நூறு ஒட்டகம் அல்லது அதன் ஈடு, மூன்று ஆண்டுகளில் கட்ட வேண்டும். கட்டுவது அவர் மட்டும் அல்ல, அவருடைய 'ஆகிலா', அதாவது தந்தை வழிச் சுற்றம். ஸுன்னி சட்டப் பள்ளிகளில் ஒன்றான ஹனஃபி சட்டத்தில் தலைக்கு மூன்றாண்டில் நான்கு திர்ஹத்துக்கு (வெள்ளிக் காசுக்கு) மேல் விழாது. போதாவிட்டால் அடுத்த நெருங்கிய குலத்தையும் சேர்ப்பார்கள். வேண்டுமென்றே செய்த கொலைக்கு இந்த உதவி கிடையாது. ஈட்டுத் தொகைக்குக் கொல்லப்பட்டவரின் வாரிசுகள் உடன்பட்டால் கொன்றவரே தம் சொத்திலிருந்து கொடுக்க வேண்டும். தவறிச் செய்தவனைத் தாங்கு, தெரிந்தே செய்தவனைத் தாங்காதே என்பது ஏட்டில் மட்டும் நிற்காமல் பணக் கணக்காகவே வந்துவிட்டது. கலீஃபா உமர் (ரலி) திவான் என்ற படைப் பதிவேட்டை ஏற்படுத்திய பிறகு ஒரே பதிவேட்டில் இருந்த படைவீரர்கள் ஒருவருக்கொருவர் ஆகிலா ஆனார்கள் என்று ஹனஃபிகள் கொள்கிறார்கள். இரத்த உறவின் இடத்தில் பணித்தோழமை வந்து உட்கார்ந்ததை இங்கே பார்க்கலாம்.

கே: நபியவர்கள் மதீனாவில் குலங்களைக் கலைத்துவிட்டார்களா?

ப: இல்லை. நபியவர்கள் மதீனா மக்களுக்காக எழுதச் செய்த மதீனா சாசனத்தில் பனூ அவ்ஃப், பனூ ஸாஇதா, பனூ நஜ்ஜார் என்று பெயர் சொல்லி, ஒவ்வொரு குலமும் முன்போலவே தன் இரத்தப் பணத்தைக் கட்டட்டும், தன் கைதிகளை மீட்கட்டும் என்றே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தது ஒரு வரி: அநியாயம் செய்பவனுக்கு எதிராக எல்லா நம்பிக்கையாளர்களின் கைகளும் எழ வேண்டும், அவன் அவர்களில் ஒருவருடைய மகனாக இருந்தாலும். பழைய குலச் சட்டத்தில் இருந்திருக்கவே முடியாத வரி இது.

கே: 'முஹாஜிர்' (மக்காவிலிருந்து குடிபெயர்ந்தவர்), 'அன்ஸார்' (அவர்களுக்கு உதவிய மதீனாவாசிகள்) குர்ஆன் புகழும் பெயர்கள்தானே? அவற்றைச் சொல்லி அழைத்ததை நபியவர்கள் ஏன் ஜாஹிலிய்யா (இஸ்லாத்துக்கு முந்தைய அறியாமை வழக்கம்) என்றார்கள்?

ப: ஒரு பயணத்தில் முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரை அடித்துவிட்டார். அடிபட்டவர் "அன்ஸாரிகளே!" என்றும் அடித்தவர் "முஹாஜிர்களே!" என்றும் கூவினார்கள். "விடுங்கள் அதை, அது நாற்றம் பிடித்தது" என்றார்கள் நபியவர்கள் (புகாரி ஹதீஸ் தொகுப்பு). பெயரில் குற்றம் இல்லை. யார் அடித்தார், ஏன் அடித்தார் என்று கேட்கும் முன்பே ஆள் சேர்க்க அந்தப் பெயர் பயன்பட்டது. இயக்கம், ஜமாஅத், மத்ஹப் (சட்டப் பள்ளி) பெயர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

கே: அரசுக்கு ஆயுள் 120 ஆண்டு என்று இப்னு கல்தூன் சொன்னது பலிக்கிறதா?

ப: மூன்று தலைமுறை, ஒவ்வொன்றும் 40 ஆண்டு என்பது அவர் கணக்கு. முதல் தலைமுறை பாலைவனக் கடினத்தோடு ஒன்றாக நிற்கும். இரண்டாவது நகர சுகத்துக்குப் பழகும். பெருமை ஒருவர் கையில் குவியும். மூன்றாவதுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவே வராது, கூலிப்படை தேடும். மொராக்கோவை ஆண்ட முவஹ்ஹிதுகள் 1147இல் மராக்கிஷ் நகரைப் பிடித்தார்கள், 1269இல் மரீனிகள் என்ற வம்சத்திடம் இழந்தார்கள்: 122 ஆண்டு. ஆனால் இதைப் பஞ்சாங்கம்போல் எடுத்தால் தவறிவிடும். டமாஸ்கஸிலிருந்து ஆண்ட கலீஃபா வம்சமான உமய்யாக்கள் 89 ஆண்டிலேயே (661–750) அதை இழந்தார்கள்.

கே: உமய்யாக்களுக்குப் பின் வந்த கலீஃபா வம்சமான அப்பாஸியர்கள் 1258 வரை இருந்தார்களே?

ப: பெயர் இருந்தது. அப்பாஸிய கலீஃபா முஃதஸிம் (833–842) துருக்கிய அடிமை வீரர்களை நம்பிப் படையை அமைத்து, 836இல் ஸாமர்ராவுக்குத் தலைநகரை மாற்றினார். 861இல் அவருடைய மகன் முதவக்கிலைக் கொன்றது அந்தத் துருக்கியப் படையினரே. அரபு அஸபிய்யா முஃதஸிம் காலத்திலேயே கரைந்துவிட்டது என்பதுதான் இப்னு கல்தூனின் தீர்ப்பு.