‘ஹோம்ஸ்டே’ என்று போர்டு வைத்தால் போதுமா?

கேள்வி: குடும்பத்தோடு கேரளத்தில் மூணாறு பக்கம் சின்னக்கானல் போயிருந்தோம். ‘வீட்டுக்காரர்களோடு தங்கலாம், வீட்டுச் சாப்பாடு’ என்று ஆப்பில் படம் பார்த்து, ஒரு நாளைக்கு 3,200 ரூபாய் வீதம் இரண்டு நாளுக்குக் கட்டினேன். போனால் வீட்டுக்காரரும் இல்லை, படத்தில் பார்த்த அறையும் இல்லை. காவலுக்கு இருந்த தம்பி ரோட்டோரத்தில் வேறொரு கட்டடத்தைத் திறந்துவிட்டார். கிளம்பும்போது ஜி.எஸ்.டி. என்று 1,152 ரூபாய் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ‘ரீஃபண்ட் கிடையாது என்று முன்னாடியே போட்டிருக்கிறோமே’ என்கிறார்கள். இதற்காக இடுக்கிக்கு அலைய முடியுமா?
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். போடிமெட்டு ஏற வேண்டியதில்லை, தேனி மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ரசீது என்று நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள். ‘ரூம் 6400, ஜிஎஸ்டி 18%’ என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, கீழே ஒரு கிறுக்கல். ஜி.எஸ்.டி. எண்ணைக் காணோம். கேரளத்தில் பதிவு செய்தவராக இருந்தால் 32 என்று தொடங்கும் 15 இலக்க எண் ரசீதில் இருந்தாக வேண்டும். எண் இல்லாதவர் ஒரு ரூபாய்கூட வரி என்று வாங்கக் கூடாது. எண் இருந்தாலும் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். உங்கள் கணக்குக்கு அது 320 ரூபாய். பதிவு இல்லாத வீட்டுக்காரரின் அறை ஆப் வழியாகப் போனால், வரியைக் கட்ட வேண்டியது ஆப் கம்பெனி. ஆக, அந்த 1,152 யாருடைய பாக்கெட்டுக்குப் போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

‘ரீஃபண்ட் கிடையாது’ என்பது நீங்களாக மனம் மாறிப் போகாமல் இருந்தால் பேச வேண்டிய பேச்சு. காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று என்னும்போது அந்த வாசகம் அவர்களைக் காப்பாற்றாது. முதலில் ஆப் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் ஒரு போன் போடுங்கள். விளம்பரப் படத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போன மறுநாள் படம் மாறிவிடும்.

கேள்வி: எங்களுக்கு அரசு பட்டயம் கொடுத்த 12 சென்ட் நிலத்தில் நான்கு அறை வீடு இருக்கிறது. கணவர் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கோயம்புத்தூரில். சீசனுக்கு இரண்டு அறையை விடலாம் என்று நினைக்கிறோம். ஒரு புரோக்கர், ‘மொத்த வீட்டையும் எனக்கு விடுங்கள், மாதம் 40,000 தருகிறேன், நீங்கள் பிள்ளைகளோடு போய் இருங்கள்’ என்கிறார். எது நல்லது?
— வாசகி, தேவிகுளம் பக்கம்

பதில்: அம்மா, புரோக்கரிடம் ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, பீரோவில் இருக்கும் பட்டயத்தை எடுத்துப் படியுங்கள். நம் மலையில் கட்டிலும் மெத்தையும் வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அதைத்தான்.

1964 கேரள நில ஒப்படை விதிகளின்படி கொடுத்த பட்டயம் என்றால், அந்த நிலம் விவசாயத்துக்கும் வீட்டுக்கும்தான். நிபந்தனையை மீறினால் பட்டயத்தையே ரத்து செய்ய விதியில் இடம் இருக்கிறது. மூணாறு சுற்றுவட்டாரத்தில் எழும்பிய எத்தனையோ ரிசார்ட்டுகள் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். 2023-ல் கேரளச் சட்டசபை இதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தது, 2024-ல் ஆளுநர் ஒப்புதலும் கிடைத்தது. அது மீறல்களை விண்ணப்பித்து முறைப்படுத்திக்கொள்ள ஒரு வழி. இனி யாரும் எதையும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. டீக்கடையில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள், நம்பாதீர்கள்.

நீங்கள் அந்த வீட்டிலேயே குடியிருந்து இரண்டு அறையை விருந்தினருக்கு விடுவதும், வீட்டைக் காலி செய்து புரோக்கரிடம் சாவி கொடுப்பதும் ஒன்றல்ல. கேரள சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டே என்று தரச்சான்று கொடுப்பது, சொந்தக்காரர் குடும்பம் அங்கே வசித்தால் மட்டும்தான். அறை ஆறுக்கு மேல் கூடாது. சில்வர், கோல்டு, டயமண்ட் என்று மூன்று தரம். குடும்பம் இல்லாத வீட்டுக்கு ‘சர்வீஸ்டு வில்லா’ என்று தனி வகை வைத்திருக்கிறார்கள். புரோக்கர் கேட்பது அந்த வகையில் வரும், பட்டய நிலத்தில் தலைவலி தரக்கூடியதும் அதுதான். அடுப்படியில் புட்டுக்குழல் ஆவி விட்டுக்கொண்டிருந்தால் அது வீடு. பூந்தொட்டிக்கு அடியில் சாவியை வைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் ‘வெல்கம்’ அனுப்பினால் அது லாட்ஜ். போர்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த வீட்டில் ராத்திரி ஏதாவது விவகாரம் நடந்து போலீஸ் வந்தால், நிலவரி கட்டிய ரசீதில் இருப்பது உங்கள் கணவர் பெயர். புரோக்கர் நம்பர் அன்றைக்கு ஸ்விட்ச் ஆஃப்.

இரண்டு அறையை மட்டும் விடுவதானால் வில்லேஜ் ஆபீசில் கைவசச் சான்று (நிலம் உங்கள் வசம் இருக்கிறது என்னும் சான்று) வாங்கும்போதே, இந்த நிலத்தில் ஹோம்ஸ்டே நடத்தத் தடை உண்டா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம், ஆபீசர் மாறினால் வார்த்தையும் மாறும். தரச்சான்றுக்கு போலீஸ் கிளியரன்ஸ் கேட்பார்கள். காசு வாங்கிச் சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். வருகிறவர் பெயர், ஊர், அடையாள அட்டையை ஒரு ரிஜிஸ்டரில் எழுதுங்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் தர வேண்டும். ஒரே ஒரு ராத்திரி என்றாலும் விலக்கு இல்லை. ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாதவரை உங்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. வீட்டுக் குப்பை எடுக்க வரும் ஹரித கர்ம சேனாவிடம் சொல்லிவிடுங்கள். விருந்தினர் விட்டுப்போகும் பாட்டிலும் கவரும் ஓடையில் கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரரே முதலில் பஞ்சாயத்துக்குப் போவார்.

பட்டயம் இல்லாமல் எஸ்டேட் லயத்திலோ கம்பெனி குவார்ட்டர்ஸிலோ இருப்பவர்களும் இதே கேள்வியை அனுப்புகிறார்கள். அது கம்பெனி வீடு. அங்கே வாடகைக்கு விடும் பேச்சையே எடுக்காதீர்கள்.

கேள்வி: மூணாறை ஒட்டிய பள்ளிவாசல் கிராமத்தில் 5 சென்டில் காட்டேஜ் கட்டித் தருகிறோம், நாங்களே வாடகைக்கு விட்டு மாதாமாதம் பணம் அனுப்புகிறோம் என்கிறார்கள். ஒரு லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகர், சென்னை

பதில்: இப்போது வேண்டாம். முந்தைய பதிலைப் படியுங்கள். பட்டய நகல், தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு எண்), போக்குவரவு (நிலப் பதிவேட்டில் பெயர் மாற்றம்), கட்டட அனுமதி நான்கையும் கேளுங்கள். பள்ளிவாசல், சின்னக்கானல் உள்ளிட்ட மூணாறு பகுதிக் கிராமங்களில் கட்டடத்துக்கு வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்றும் பார்க்க வேண்டும். ‘எல்லாம் வக்கீல் கையில் இருக்கிறது சார்’ என்றால், அவர் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: ஊட்டிக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்கிறார்களே, மூணாறுக்கும் வேண்டுமா? மார்ச்சில் வரையாடு பார்க்க ராஜமலை போகலாம் என்று இருக்கிறோம்.
— வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம். அது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. ஆனால் வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் ராஜமலை இருக்கும் இரவிகுளம் பூங்காவை மூடிவிடுவார்கள். ‘ராஜமலைக்குப் பக்கத்து அறை’ என்று யாராவது கூடுதலாகக் கேட்டால் தராதீர்கள். முடிந்தால் பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவையுங்கள்.