ஸ்டைலில் அளவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் அசையவில்லை

லிப்ரேஆபிஸ் ரைட்டர் என்ற ஆவணம் எழுதும் மென்பொருளில் பத்தி ஸ்டைலை (பத்திகளின் எழுத்துரு, அளவு போன்றவற்றை ஒரே இடத்தில் வைக்கும் அமைப்பை) 14 புள்ளிக்கு மாற்றியும் தமிழ் 12-லேயே நிற்கிறது என்றீர்கள். எழுத்துரு பழுதில்லை. ரைட்டர் ஒவ்வொரு ஸ்டைலிலும் மூன்று எழுத்துருக்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது: மேற்கத்தியம், கிழக்காசியம், காம்ப்ளக்ஸ் (எழுத்துகள் சேர்ந்து வடிவம் மாறும் மொழிகளுக்கானது). தமிழ் மூன்றாவதில் வரும். கணினியின் மொழி ஆங்கிலமாக இருந்தால் அந்த மூன்றாவது பெட்டி திரையில் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் மாற்றியது மேற்கத்திய எழுத்தின் அளவை மட்டும்தான்.

டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய், லாங்குவேஜஸ் அண்ட் லொகேல்ஸ் பிரிவில் (பழைய பதிப்பில் லாங்குவேஜ் செட்டிங்ஸ்) காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்யுங்கள். அதன் மொழியைத் தமிழ் ஆக்குங்கள். பிறகு எஃப்11 அழுத்தி ஸ்டைல் பட்டியலைத் திறந்து, டிஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைலைத் திருத்தினால் எழுத்துருப் பக்கத்தில் காம்ப்ளக்ஸ் பகுதி வந்திருக்கும். அங்கே எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், அளவு 14 என்று கொடுங்கள். தடிமனும் அங்கே தனி. தலைப்பு ஸ்டைல்களிலும் பாருங்கள். அப்படியும் ஏதாவது பத்தி மாறாவிட்டால், அதில் கையால் போட்ட வடிவமைப்பு இருக்கும். பத்தியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+எம் அழுத்துங்கள், அது நீங்கிவிடும்.

தேவைப்படாதவர்களுக்கு காம்ப்ளக்ஸ் பெட்டியை மறைப்பது சரியே. ஆனால் ஆவணத்தில் தமிழ் எழுத்து ஒன்று வந்துவிட்டால்கூட அந்தப் பெட்டி தானாகத் திறக்க வேண்டும். கணினியின் மொழியைப் பார்த்து முடிவெடுப்பது தவறு. ஆங்கில விண்டோஸில் தமிழ் எழுதுபவர்கள்தான் நம்மில் ஏராளம்.