பக்கத்து வீட்டம்மா வாங்கிட்டுப் போன குடை

கேள்வி: அக்கா, வீட்டுக்காரருக்கு ஃபிஜியில வேலை கிடைச்சு நாங்க லௌட்டோகா வந்து அஞ்சு மாசம் ஆகுது. பக்கத்து வீட்டுல ஒரு ஃபிஜிக்காரம்மா, நல்லவங்கதான், ஆனா வாரத்துல நாலு நாள் வந்து நிக்கிறாங்க, சர்க்கரை, எண்ணெய், அரிசின்னு. எதுவும் திரும்பி வந்ததில்ல. போன மாசம் என் குடையை வாங்கிட்டுப் போனாங்க, ஊர்லேர்ந்து கொண்டுவந்த குடை, அதுவும் போச்சு. எதிர் வீட்டுக்காரங்க பேர் கவுண்டர்னு கேள்விப்பட்டு ஆசையா போய்ப் பேசினா ஒரு வார்த்தை தமிழ் தெரியல, ஏதோ ஒரு ஹிந்தி பேசறாங்க. வீட்டுக்காரர் ஆஃபீஸ் ஆளுங்களோட க்ரோக் குடிக்க உக்காந்தா வர்றதுக்கு ராத்திரி 11 மணி. என்னை இங்க ஏமாளின்னு நெனைக்கிறாங்களா? பேசாம ஊருக்குத் திரும்பிடலாமான்னு இருக்கு.
- பேர் வேண்டாம், லௌட்டோகா

பதில்: லெட்டரைப் படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சும்மா, கோச்சுக்காதீங்க, உங்களைப் பாத்து இல்ல, என்னை நெனச்சுதான். உங்க பக்கத்து ஊர் ம்பாவுல ஆறு வருஷம் குப்பை கொட்டினவ நான். (போர்டுல வெறும் 'பா'ன்னு எழுதியிருக்கும், வாயில 'ம்பா'. அதே மாதிரி ஏர்போர்ட் ஊரை 'நாடி'ன்னு எழுதிட்டு 'நாண்டி'ம்பாங்க. வந்த முதல் வாரம் நான் பஸ்காரர்கிட்ட நாடி நாடின்னு நாடி பிடிச்சுட்டு நின்னது தனிக்கதை.) எனக்கும் ஒரு பக்கத்து வீட்டம்மா இருந்தாங்க, அதே சர்க்கரை, அதே எண்ணெய். நான் உங்களைவிட மோசம், காலண்டர் பின்னாடி பென்சில்ல கணக்கே எழுதி வெச்சேன். 2 கப் சர்க்கரை, அரை பாட்டில் எண்ணெய், 3 வெங்காயம், 1 தீப்பெட்டி. தீப்பெட்டிக்கெல்லாமா கணக்கு எழுதுவாங்கன்னு கேக்காதீங்க, தனியா உக்காந்திருக்கற பொம்பளைக்கு வேற என்ன வேலை.

அவங்க பண்றதுக்குப் பேரு கெரேகெரே. 'தயவுசெஞ்சு'ங்கறதுக்கும் அதே வார்த்தைதான், கேக்கறதுக்கும் அதேதான். சொந்தக்காரங்க, ஊர்க்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தர்கிட்ட ஒருத்தர் உரிமையா போய்க் கேப்பாங்க, கேட்டா இல்லைங்கறது கஷ்டம், வாங்கினதை அப்படியே திருப்பித் தரணும்னு கட்டாயமும் கெடையாது. நம்ம ஊர்ல ஒரு டம்ளர் சர்க்கரை கைமாத்து வாங்கினா திருப்பித் தர்றப்ப தலைதட்டாம கோபுரமா அளந்து கொடுத்துட்டு, அப்பாடா நமக்கும் அவங்களுக்கும் பாக்கி இல்லன்னு நிம்மதியா இருப்போம்ல? அங்க எனக்குப் புரிஞ்ச வரைக்கும் அந்த 'பாக்கி இல்ல'தான் ஆகாத விஷயம். பாக்கி இருக்கற வரைக்கும்தான் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் போக்குவரத்து. டம்ளருக்கு டம்ளர் தீத்துட்டா அப்புறம் எதுக்கு வாசல்ல வந்து நிக்கப் போறாங்க? ஏமாளின்னு நெனச்சு வரலம்மா, வீட்டு ஆளுன்னு நெனச்சு வர்றாங்க. அது சில நாள் ஏமாளியா இருக்கறதைவிடக் கஷ்டம், அதையும் ஒத்துக்கறேன்.

இன்னொண்ணு, எதுவும் திரும்பி வரலன்னு எழுதியிருக்கீங்க, நல்லா யோசிச்சுப் பாருங்க. வாசல்ல ஒரு நாள் மரவள்ளிக்கிழங்கு கிடந்துச்சா? பப்பாளி? சனிக்கிழமை மீன் பிடிச்சுட்டு வந்து தென்னை ஓலையில கோத்து ரெண்டு மீன் கொண்டாந்து, நீங்க சைவம்னு வேண்டாம்னுட்டீங்களா? என் காலண்டர்ல அந்தப் பக்கமே இல்ல. அவங்க பையன் என் வீட்டுப் புல்லை வெட்டினான், நான் கேக்கவே இல்ல, அதை நான் எந்தக் காலத்துல எழுதினேன்.

எனக்குப் புத்தி வந்தது 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி ராத்திரி, வின்ஸ்டன் புயல் அடிச்ச அன்னிக்கு. அஞ்சாம் வகைப் புயல், அதான் இருக்கறதுலயே பெரிய வகை, நாடு முழுக்க 44 பேர் செத்துப்போனாங்க, எங்க ஏரியாவுல எத்தனையோ வீட்டுல கூரை இல்ல. எங்க சமையல்கட்டு மேல இருந்த தகரம் போயிடுச்சு. விடிஞ்சும் விடியாம அந்தம்மா ரெண்டு பசங்களோட வந்துட்டாங்க, தார்ப்பாயைத் தூக்கிட்டு, ஒரு குண்டான்ல அவிச்ச மரவள்ளிக்கிழங்கோட. அவங்க வீட்டுலயே பாதிதான் நின்னுட்டிருந்துச்சு. பசங்க மேல ஏறி தார்ப்பாயைக் கட்டினானுங்க, நான் கீழ நின்னு கிழங்கைத் தின்னுட்டு அழுதேன், உப்பு போடாத கிழங்கு, உப்புக்குக் கண்ணீரே ஆச்சு. கரண்ட் வர வாரக்கணக்குல ஆச்சு. அந்த நாள்லாம் எங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. காலண்டரை அந்த அடுப்புலதான் போட்டேன்.

சரி, புயல் வர்ற வரைக்கும் காத்துட்டு இருக்கச் சொல்லல (நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் சீசன், தண்ணி, டார்ச், மெழுகுவத்தி வாங்கி வெச்சுட்டீங்களா? மொதல்ல அதைச் செய்ங்க). நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, போய்க் கேளுங்க. அஞ்சு மாசமா கொடுத்துட்டே இருக்கீங்களே தவிர ஒரு நாளாவது அவங்க வாசல்ல போய் நின்னீங்களா? கொடுக்கறவங்க மட்டுமே கொடுத்துட்டு இருந்தா அது தர்மம், அங்க யாரும் தர்மம் கேட்டு வரல. ரெண்டு தேங்காயை எடுத்துட்டுப் போங்க, துருவித் தாங்கன்னு கேளுங்க. அவங்ககிட்ட ஒரு பலகை இருக்கும், முனையில பல்லு வெச்ச இரும்பு, அது மேல குதிரை மாதிரி உக்காந்து துருவணும், நம்ம பாட்டி காலத்து அருவாமணையில தலையில துருவி இருக்குமே, அதோட பெரிய அக்கா. அவங்க துருவற வேகத்துக்கு நம்ம மிக்ஸி பிச்சை வாங்கணும். துருவிப் பிழிஞ்ச பாலை லோலோம்பாங்க, அதுல சேப்பங்கீரையை வேகவெச்சு உங்களையும் உக்கார வெச்சுடுவாங்க. கீரை நல்லா வெந்துச்சான்னு மட்டும் பாத்துக்கங்க, இல்லன்னா நாக்கும் தொண்டையும் அரிப்பெடுத்துடும்.

அதுக்காக எல்லாத்தையும் தூக்கிக் கொடுங்கன்னு இல்ல. இல்லாததை இல்லன்னு சொன்னா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. கையில ரொக்கமா கடன் கேட்டா 'வீட்டுக்காரர்தான் பாத்துக்கறார்'னு சொல்லிடுங்க, கொடுத்த பணத்தைச் சுலபமா திருப்பி வாங்கற ஊர் எதுவும் இல்ல. கண்ணுல பட்டா கேப்பாங்கங்கறதால மனசுக்கு ரொம்பப் பிடிச்ச சாமானை ஹால்ல பரத்தாதீங்க. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே ஒரு ஃபிஜிக்கார டீச்சர்தான், அவங்களும் நல்ல டவலை பெட்டிக்குள்ளதான் வெச்சிருந்தாங்க.

சாப்பிடற நேரத்துல தெருவுல நடந்தீங்கன்னா உள்ளேர்ந்து 'மை கானா'ன்னு குரல் வரும், 'வந்து சாப்பிடு'ன்னு அர்த்தம். முன்னப்பின்ன தெரியாதவங்களையும் கூப்பிடுவாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் போகணும்னு இல்ல, சிரிச்சுட்டு 'வினாகா', அதான் நன்றின்னு சொல்லிட்டு நடந்துடலாம், ஆனா காதுல விழாத மாதிரி போயிடாதீங்க. 'லாகோ இ வெய்'னு கேப்பாங்க, எங்க போறன்னு. நமக்குதான் கிளம்பறப்ப எங்கன்னு கேட்டா போற காரியம் விளங்காதே, எனக்கு முதல்ல சுருக்குன்னு இருக்கும். அவங்களுக்கு அது சௌக்கியமாங்கற மாதிரி, 'மார்க்கெட்'னு கையை ஆட்டினா போதும். அப்புறம் கடையில ஏதாவது இருக்கான்னு கேட்டு அந்தப் பொண்ணு வாயைத் திறக்காம நின்னா திமிருன்னு நெனைக்காதீங்க, புருவத்தைப் பாருங்க, லேசா மேல தூக்கியிருப்பா, ஆமாங்கறா. வீட்டுக்குள்ள உக்காந்திருக்கறவங்களைத் தாண்டிப் போறப்பவும், அவங்க தலைக்கு மேல கை நீட்டி எதையாவது எடுக்கறப்பவும் குனிஞ்சு 'துலோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மன்னிக்கணும்ங்கற மாதிரி. பெரியவங்க முன்னாடி நிமிந்து நிக்காம குனிஞ்சு போகணும்னு உங்களுக்கு உங்க பாட்டியே சொல்லியிருப்பாங்க.

இப்ப கவுண்டர் வீட்டுக்கு வருவோம், இதுலதான் உங்க மேல எனக்குக் கொஞ்சம் வருத்தம். தமிழ் தெரியலன்னு அவங்களைக் குத்தமா எழுதியிருக்கீங்க. ஃபிஜிக்கு கூலிக் கப்பல் வர ஆரம்பிச்சது 1879-ல, எல்லாம் கல்கத்தாவிலேர்ந்து. மெட்ராஸ்லேர்ந்து நம்ம ஆளுங்க கப்பல் ஏறினது 1903-லதான். இவங்க போய் இறங்கறப்ப கரும்புத் தோட்டத்து லைன் வீடுகள்ல ஏற்கெனவே 24 வருஷமா போஜ்புரி, அவதின்னு வடக்கத்தி பாஷைங்க கலந்து ஒரு பேச்சு ஓடிட்டிருக்கு, மேஸ்திரி அதட்டறதும் அதுலதான். அஞ்சு வருஷ ஒப்பந்தம், அக்ரிமென்ட்டுங்கற வார்த்தைதான் அவங்க வாயில கிர்மிட் ஆச்சு. பொழைக்கணும்னா அந்தப் பேச்சைப் பேசணும், பேசினாங்க. அப்படியும் 1926-லயே தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்னு ஒண்ணு தொடங்கி ஸ்கூல் ஸ்கூலா கட்டினவங்க. நாண்டியில சிவசுப்பிரமணியர் கோயிலைப் போய்ப் பாருங்க, கோபுரத்தைப் பாத்தா எந்த ஊர்ல நிக்கிறோம்னே மறந்துடும். சுவா ஹோவெல் ரோடு மாரியம்மன் கோயில்ல ஜூலை ஆகஸ்ட் வாக்குல தீ மிதிப்பாங்க, அந்தப் பக்கம் ம்பெங்கா தீவுல ஃபிஜிக்காரங்களும் வழிவழியா சுட்ட கல்லு மேல நடக்கறாங்க. ரெண்டு சனமும் எங்கெங்கேயோ இருந்து வந்து ஒரே நாட்டுல நெருப்பு மேல நடக்குதுங்க, இதை நெனச்சா எனக்கு இன்னும் புல்லரிக்கும்.

எங்க தெருவுல ஒரு தாத்தா, பேர்ல பிள்ளைன்னு வரும். ஒரு நாள் பிளாஸ்டிக் கவர்ல ஒரு ஜெராக்ஸ் கொண்டாந்தார், சுவா ஆவணக் காப்பகத்துல எடுத்த அவர் தாத்தாவோட எமிக்ரேஷன் பாஸ். பேரு, வயசு, உயரம், ஜாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம். ஜில்லா வட ஆற்காடு, அது தெளிவா இருக்கு. கிராமத்துப் பேரை அந்தக் கிளார்க் காதுல விழுந்த மாதிரி எழுதிவெச்சிருக்கான். தாத்தாவும் நானும் ஒரு மணி நேரம் வாய்விட்டு மாத்தி மாத்திப் படிச்சோம், பாக்கமா, பாடியா, பட்டியான்னு. கடைசி வரைக்கும் பிடிபடல. கிளம்பறப்ப அவர் அந்தப் பேரை நான் உச்சரிச்ச மாதிரியே ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டார். அதனால அந்த வீட்டுக்குத் தமிழ் தேடிப் போகாதீங்கம்மா. முருங்கைக்கீரையோ முருங்கைக்காயோ இருக்கான்னு கேட்டுப் போங்க, அவங்க அதை சைஜன்ம்பாங்க, கொல்லையில நிச்சயம் ஒரு மரம் நிக்கும். சாம்பார் வெச்சு ஒரு கிண்ணம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்க.

வீட்டுக்காரர் விஷயம். யங்கோனா, அதான் க்ரோக், சாராயம் இல்ல, வேரை இடிச்சு தண்ணியில கரைச்சது, பாக்க சேத்துத்தண்ணி மாதிரி இருக்கும், குடிச்சா உதடு மரத்துப்போகும், சண்டை போடத் தோணாது, எழுந்திருக்கவும் தோணாது. அந்த எழுந்திருக்கத் தோணாததுதான் உங்க பிரச்சனை. ஃபிஜிக்காரிங்களும் இந்தியக்காரிங்களும் சேந்து திட்டற விஷயம் அங்க ஒண்ணு உண்டுன்னா அது இதுதான், நீங்க தனி ஆள் இல்ல. புதுசா வந்த ஆம்பளை அந்தப் பாயில உக்காரலன்னா ஆஃபீஸ்ல ஒட்ட முடியாது, அதனால போகாதீங்கன்னு சொல்லாதீங்க, வாரத்துக்கு ஒரு நாள்னு பேசிக்கங்க. சிரட்டையை நீட்டறப்ப 'லோ டைட்'னு சொன்னா கொஞ்சமா ஊத்துவாங்க, 'ஹை டைட்'னா விளிம்பு வரைக்கும், இதை அவருக்குச் சொல்லிக்கொடுங்க. அளவில்லாம குடிச்சா தோல் வறண்டு செதில் செதிலா உரியும், அதுக்குன்னே கனிகனின்னு ஒரு பேர் வெச்சிருக்காங்க. பேர் இனிப்பா இருக்கு, ஆளைப் பாத்தா பயமா இருக்கும். குடிச்சுட்டு வண்டி ஓட்டக்கூடாது, அதுல பேச்சே இல்ல. ஒரு தடவை நீங்களும் கூடப் போய் உக்காருங்க, பொம்பளைங்களும் குடிப்பாங்க. ஒரு தடவை கையைத் தட்டி, நம்ம வணக்கம் மாதிரி 'புலா'ன்னு சொல்லி, ஒரே மூச்சுல குடிச்சுட்டு மூணு தடவை கையைத் தட்டணும். மண் வாசனைதான், மூஞ்சியைச் சுளிச்சாலும் யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க. யாராவது அவங்க கிராமத்துக்குக் கூப்பிட்டா மார்க்கெட்ல பேப்பர்ல சுத்தி ரிப்பன் கட்டின வேர்க்கட்டு விக்கும், அரை கிலோ வாங்கிட்டுப் போங்க, முட்டியும் தோளும் மூடற மாதிரி உடுத்துங்க, தொப்பி கூலிங் கிளாஸ் வேண்டாம், குழந்தைன்னாலும் தலையைத் தொடாதீங்க.

ஊருக்குத் திரும்பறதா வேண்டாமாங்கறதை கரும்பு சீசன் முடிஞ்சப்புறம் யோசிக்கலாம். இப்ப மில் ஓடிட்டிருக்கும், கொடியில காயற துணி மேல கரி விழும், அதுக்கும் சேத்துதான் மனசு கறுத்துக் கிடக்கு.

குடையைப் பத்தி மட்டும் அந்தம்மாகிட்ட ஞாபகப்படுத்தாதீங்க. நல்லா மழை கொட்டற நாளா பாத்து தலையில துண்டைப் போட்டுட்டு அவங்க வாசல்ல போய் நின்னு 'கெரேகெரே, குடை இருக்கா'ன்னு கேளுங்க. உங்க குடையையே எடுத்து நீட்டுவாங்க, துளிகூட கூச்சமே இல்லாம, ஒரு டம்ளர் எலுமிச்சை இலை டீயும் குடிச்சுட்டுப் போம்பாங்க. உக்காந்து குடிச்சுட்டு வாங்க.