சொல் கேளுங்கள்: அடக்குவதும் வெல்வதும்

கேள்வி: 'காளையை அடக்கினார்', 'காளையை வென்றார்' என்று செய்தித்தாள்கள் மாற்றி மாற்றி எழுதுகின்றன. இரண்டும் ஒன்றுதானா? அப்படியானால் 'அடக்க விலை' என்பதில் யார் யாரை அடக்குகிறார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: ஒன்றல்ல. 'அடங்கு' என்பது தன்வினை. அதன் மெல்லொற்றான 'ங்' வல்லொற்றான 'க்' ஆகத் திரிந்தால் 'அடக்கு' என்னும் பிறவினை கிடைக்கிறது. 'இத்தனை துணியும் இந்தப் பெட்டிக்குள் அடங்காது' என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த 'உள்ளே கொள்ளுதல்' என்ற பொருளிலிருந்து தொடங்கினால் முடிச்சு எளிதில் அவிழும். வாங்கிய விலையோடு வண்டிக்கூலி முதலிய செலவுகளையும் தன்னுள் கொண்டிருப்பதால்தான் அது அடக்க விலை; அங்கே யாரும் யாரையும் அடக்கவில்லை.

வலிமையால் மேற்கொள்வது என்ற பொருளிலும் 'உள்ளே' என்ற இந்த வரம்பு மறைந்துவிடுவதில்லை. வென்ற பிறகு எதிரி எங்கு வேண்டுமானாலும் போகலாம். அடக்கப்பட்டவனோ அடக்கியவனின் எல்லைக்குள் இருந்தாக வேண்டும், அவன் திமிறும் ஆற்றலும் கூடவே இருக்கும். 'ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல்' என்னும் குறளில் (126) ஆமை தன் உறுப்புகளை இழப்பதில்லை, ஓட்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. பசியை அடக்கிக்கொண்டு வேலை பார்க்கிறவரின் வயிற்றிலும் பசி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 'பசி அடங்கியது' என்று தன்வினையில் சொன்னால் அவர் சாப்பிட்டுவிட்டார் என்று பொருள்! ஓர் எழுத்து மாறியதும் பசியே போய்விடுகிற இந்த விந்தையை இலக்கண வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இனி, காளைக்கு வருவோம். வாடிவாசலிலிருந்து பாய்ந்து வரும் மாட்டின் திமிலைப் பற்றிக்கொண்டு சிறிது தூரம் தொங்கிச் செல்கிறவர், பிறகு விட்டுவிடுகிறார். மாடு தன் போக்கில் ஓடிவிடுகிறது. அது எவருடைய எல்லைக்குள்ளும் அடங்கவில்லை என்பதால், 'அடக்கினார்' என்பது சற்று மிகையான சொல் என்பேன். உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் 'மாடு பிடித்தல்', 'பிடிமாடு' என்றே பேசுகிறார்கள், அதுவே துல்லியம். பழைய வழக்கும் 'ஏறு தழுவுதல்' என்பதுதான். 'கொல்லேற்றுக் கோடஞ்சு வானை மறுமையும் புல்லாளே ஆய மகள்' என்ற கலித்தொகை அடியில், காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர்மகள் மறுபிறப்பிலும் தழுவமாட்டாள். ஏறு, மங்கை இரண்டுக்கும் பொருந்துகிற வினை தழுவுதலே.

கலகத்தை அடக்கினர் என்று எழுதுங்கள், தகும். காளையைப் பிடித்தார் என்றே எழுதுங்கள்.