கூடத்துப் பாட்டு சமையலறை ரேடியோவில் கேட்குமா?

கேள்வி: கூடத்துக் கம்ப்யூட்டரில் பழைய பாட்டுகள் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்குச் சமையலறையில் இருக்கும் பழைய எஃப்.எம். ரேடியோ ஒன்றுதான் கைக்குப் பழக்கம். வயர் இழுக்காமல் என் பாட்டுகளை அதில் வரவைக்க முடியுமா? காரில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் போதுமா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: தாராளமாக முடியும். ஆனால் வாங்குவதற்கு முன், ரேடியோவில் ஆக்ஸ் (AUX) என்று போட்ட துளை, அதாவது வெளிக் கருவியின் பாட்டை உள்ளே கொடுக்கிற துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவரை அதில் செருகிவிடலாம், இரைச்சலே இருக்காது. கம்ப்யூட்டரில் ப்ளூடூத் இருக்க வேண்டும், நடுவில் ரெண்டு மூன்று சுவர் வந்தால் விட்டுவிட்டுக் கேட்கும், அதுதான் தொல்லை.

துளை இல்லையென்றால், பாட்டை எஃப்.எம். அலையாக அனுப்புகிற டிரான்ஸ்மிட்டர்தான். காரில் செருகுவது 12 வோல்ட் கேட்கும், கம்ப்யூட்டரின் யுஎஸ்பி தருவது 5 வோல்ட், அதனால் யுஎஸ்பியிலேயே ஓடுகிற, ஹெட்போன் துளையில் மாட்டுகிற வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் எந்த அலைவரிசையில் வைப்பது என்பதுதான் முக்கியம், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். எஃப்.எம்.மில் ஒரே இடத்தில் ரெண்டு நிலையம் மோதினால் பலமானதுதான் ஜெயிக்கும், உங்கள் குட்டிக் கருவி 98.3-இலோ 93.5-இலோ மிர்ச்சி, சூரியன் எஃப்.எம். நிலையங்களை எதிர்த்து நிற்காது. சமையலறையில் அந்த ரேடியோவையே வைத்து 88-லிருந்து மெல்லத் திருப்புங்கள், பேச்சோ பாட்டோ துளியும் கேட்காமல் வெறும் 'உஸ்' மட்டும் வருகிற இடத்தைப் பிடித்து, டிரான்ஸ்மிட்டரையும் அதே எண்ணில் வையுங்கள். அம்மாவுக்காக டயலில் அந்த இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.

பாட்டு கரகரத்தால் கம்ப்யூட்டரில் சத்தத்தைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள், அதிகமாகக் கொடுத்தால் ஒலி உடைந்துதான் வரும். இரைச்சல் தாங்கவில்லையென்றால் ரேடியோவின் ஆன்டெனாவை முழுசாக இழுத்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரைக் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னாலிருந்து எடுத்துச் சமையலறைப் பக்கத்துச் சுவரோரம் வையுங்கள். ரெண்டடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், தூரம் போதவில்லை என்று நீள வயரை ஆன்டெனாவாகக் கட்டுவது, இணையத்தில் விற்கும் அதிக வாட் கருவியை வாங்குவது, ரெண்டும் வேண்டாம். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது நம் நாட்டில் குற்றம். பீகாரில் மன்சூர்பூர் என்ற கிராமத்தில் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் சொந்தமாகச் செய்த டிரான்ஸ்மிட்டரில் ஊருக்கே பாட்டுப் போட்டார், ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, இருந்தும் 2006-இல் அரசு மூடிவிட்டது. பிரிட்டனில் நீங்கள் கேட்ட மாதிரிக் குட்டி டிரான்ஸ்மிட்டர்களை அனுமதித்ததும் அதே ஆண்டுதான், அதுவும் 50 நானோவாட்டுக்கு (நானோவாட் என்பது ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு) மேல் போகக் கூடாது என்ற வரம்போடு. ஒரு அறை தாண்டிக் கேட்க அந்த அளவே போதும்.