சுவரோர இட்லிப்பூச் செடி ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி: புது வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஆறு இட்லிப்பூச் செடிகள் வைத்தேன். இலையெல்லாம் மஞ்சளாகிறது, பூவும் குறைந்துவிட்டது. யூரியா போட்டேன், முட்டை ஓட்டுத் தூள் போட்டேன், பலனில்லை. உச்சியை வெட்டிவிட்டால் துளிர்க்குமா? – சென்னை வாசகி

பதில்: வெட்டுவது இருக்கட்டும். முதலில் எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடி இலைகள் முழுக்க மஞ்சளாகி உதிர்ந்தால் அது தழைச்சத்துக் குறைவு, யூரியா கேட்கும். நுனியில் வரும் இளந்தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சை வலைபோலத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. சுவரோரச் செடிகளில் நான் பெரும்பாலும் பார்ப்பது இரண்டாவதுதான்.

இத்தனைக்கும் மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கும், வேரால் எடுக்க முடியாது. இட்லிப்பூ, அதாவது நம் பழைய வெட்சி, தென்னிந்தியாவும் இலங்கையும் பிறப்பிடமாகக் கொண்டது. ஆநிரை கவரப் போன மறவர்கள் சூடியதும் இதைத்தான். காப்பிச் செடியின் குடும்பம். புளிப்பான மண்தான் இதற்குப் பிடிக்கும். கேரளத்துச் செம்மண்ணில் தெச்சி என்ற பெயரில் கேட்பாரற்று வளர்கிறது. உங்கள் சுவரடியிலோ கொத்தனார் உதிர்த்த சிமெண்ட் கலவையும் பூச்சுத் துண்டுகளும் புதைந்திருக்கும். ஒரு கரண்டி காய்ந்த மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. முட்டை ஓடும் அதே சுண்ணாம்புதான், உடனே நிறுத்துங்கள். அடுப்புச் சாம்பலும் வேண்டாம்.

உடனடி நிவாரணத்துக்கு இலைவழித் தெளிப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேளுங்கள்), 1 கிராம் சிட்ரிக் அமிலம். அப்போதைக்கப்போது கலக்க வேண்டும். வைத்திருந்தால் துரு நிறமாகிவிடும், அப்புறம் பயனில்லை. வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் கறை போகாது, ஒரு பழைய பெட்ஷீட்டை மறைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். மண்ணிலேயே இட வேண்டுமானால் இடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்பு வாங்குங்கள், சுண்ணாம்பு பூட்டிவிடாதபடி கட்டிவைத்த இரும்பு அது. மலிவாகக் கிடைக்கும் இடிடிஏ (EDTA) வகை சுண்ணாம்பு மண்ணில் நிற்காது.

தெளிப்பெல்லாம் தற்காலிகம். மழைக்காலம் தொடங்கியதும் வேர்மண் உதிராமல் தோண்டி, சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி வையுங்கள். ஒன்றரை அடிக் குழி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய தொழு உரம். தண்ணீர் தேங்கக் கூடாது. தினம் நான்கைந்து மணி நேரமாவது வெயில் படட்டும், நிழலில் பூ குறையும்.

தண்ணீரையும் கவனியுங்கள். குழாய் முனையில் வெள்ளைப் படிவு இருந்தால் போர் தண்ணீர் வழியாகவும் சுண்ணாம்பு வருகிறது. மழைநீர் பிடித்து ஊற்றுவது உத்தமம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்தாலும் சரி, அதில் உப்பு கிடையாது.

பழைய மஞ்சள் இலைகள் முழுப் பச்சையாகத் திரும்பும் என்று காத்திருக்காதீர்கள். இனி வரும் தளிரைப் பாருங்கள். இரண்டு ஜோடி இலைகள் பச்சையாக வந்தபின்தான் கத்தரியை எடுக்கலாம். பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும், மொட்டு கட்டும் நேரத்தில் வெட்டினால் அந்தச் சுற்றுப் பூ போயிற்று. ஒரு கொத்து உதிர்ந்ததும், அதற்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். அங்கிருந்து கிளைத்து வரும், ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு கொத்து வைக்கும்.